நிலா முத்திரை போட்ட உறைகள்

ஓடிப்போனவள் என்று இன்னொரு தரம் நல்லம்மாளைச் சொல்லாதே, காளியம்மா. ஓடுகிறவள் காலை வெயிலில், தோட்டத்து லயத்துச் சனம் மொத்தமும் பார்த்திருக்க, முன்வாசல் வழியாகவா போவாள்? லாரிக்காரனோடு போனாள் என்கிறாய். எந்த லாரி, யார் ஓட்டினது, சொல்லேன் பார்ப்போம். பத்து வருசமாகக் கேட்கிறேன், இந்தப் புந்தோங்கில் ஒருத்தரும் அந்த லாரிக்கு ஒரு நம்பர் கொடுக்கவில்லை.

தோட்டத்துச் சன்னாசிக்கு மருந்தில் விஷம் வைத்தாள் என்கிறார்கள் கோயில் பக்கத்து வீட்டுக்காரர்கள். சூரிய பகவானைச் செருப்பில் செதுக்கினாள், அந்தப் பாவம்தான் பிடித்தது என்கிறாய் நீ. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். விஷம் வைக்கிறவள் அதற்கு மெனக்கெட்டுப் படம் வேறு செதுக்குவாளா?

நீ அப்போது தைப்பிங்கில் இருந்தாய். நான் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் பால் மரத் தோட்டத்தில் இருந்தேன். லயத்து வரிசையில் அவள் அப்பன் ஐயாவு வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே நாங்கள் நூறு என்போம். அதனால் நான் சொல்கிறதைக் கேள்.

நல்லம்மாள் ஐயாவுக்கு மூத்த பெண். தாய் போன பிறகு இரண்டு தங்கச்சிகளையும் அவள்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தாள். ஈப்போவில் பள்ளிக்கூடம் போனவள். பதினைந்து வயதில், பாரம் மூன்றோடு படிப்பு நின்றுவிட்டது. பால் எடுக்க மரம் வெட்ட அனுப்ப ஐயாவுக்கு மனசில்லை. கெஞ்சிக் கூத்தாடி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவிக்குச் சேர்த்துவிட்டார். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்காதே. தகரக்கூரை போட்ட ஒரு வீடு, மருந்து கொடுக்க ஒரு சன்னல், அதற்குப் பின்னால் டிரெசர் விஸ்வலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஊசி போடுகிறவரும் அவர்தான், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவரும் அவர்தான். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார்.

மாத்திரையைச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே எப்போது குடிப்பதென்று இங்கிலீசில் எழுதிக் கொடுப்பார் விஸ்வலிங்கம் ஐயா. வாயாலும் சொல்லுவார், நல்லாத்தான் சொல்லுவார். ஆனால் அவருக்கு ஒரு வாய், சன்னலுக்கு வெளியே பாதித் தோட்டம். அவர் சொன்னது லயத்துக்கு வந்து சேருவதற்குள் முன்னது பின்னதாகிவிடும். எனக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியாத கண்ணுக்கு அந்த உறை எல்லாம் ஒன்றுதான், வெள்ளைக் காகிதத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். காய்ச்சலுக்குக் கொடுத்ததைக் கால் வலிக்குக் குடித்தவர்கள் உண்டு.

இதைச் சன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள் நல்லம்மாள். ஒரு நாள் பழைய சிலிப்பர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அடி ரப்பரை வெட்டி, மழித்து, இரண்டு முத்திரை செதுக்கினாள். ஒன்று சூரியன், ஒன்று நிலா. காலையில் குடிக்கிற மருந்துக்குச் சூரியன். ராத்திரி குடிக்கிற மருந்துக்கு நிலா. இரண்டு வேளை என்றால் இரண்டும். செருப்பு செருப்பு என்கிறாயே, காளியம்மா, அது நாம் வெட்டின பாலில் செய்த ரப்பர்தானே.

அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் வைத்திருந்தாள். நிலாவைச் சுற்றி நட்சத்திரம். உறையின் ஓரம் முழுக்க மல்லிகைக் கொடி. விஸ்வலிங்கம் ஐயா மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, நல்ல யோசனை என்று அவரே சொன்னார். உறைக்காகவே தலைவலி என்று போய் நின்றவர்கள் இருந்தார்கள். ஒருத்தி சூரியன் போட்ட உறையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக் கும்பிட்டாள்.

மரம் வெட்டுகிற சன்னாசிக்குச் சீனி வியாதி. காலைச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. சூரியனும் நிலாவும் போட்ட உறையில் கொடுத்தார்கள். முதலில் நல்லாத்தான் இருந்தார். பிறகு பௌர்ணமியை ஒட்டி ஒரு காலை, வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே கத்தியோடு சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, வாய் கோணிப் போயிருந்தது, கூப்பிட்டால் பேச்சில்லை. பால் ஏற்றுகிற லாரியில் போட்டு ஈப்போவுக்குக் கொண்டு போனார்கள். லாரி தோட்டத்துப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்னாலேயே பேச்சுக் கிளம்பிவிட்டது. மருந்து மாறிப்போச்சு, அந்தப் பெண்தான் மாற்றிக் கொடுத்தாள் என்று.

மருந்து மாறவில்லை. விஸ்வலிங்கம் ஐயா சன்னாசியின் உறையை வாங்கிக் கொட்டிப் பார்த்தார். சரியான மாத்திரைதான், ஆனால் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது. சன்னாசி சீக்கிரம் குணமாகட்டும் என்று கூட விழுங்கியிருக்கிறார் என்று அவர் முடிவு கட்டினார். தோட்ட மானேஜர் விசாரித்ததற்கும் அதையே சொல்லிவிட்டார். எல்லாருக்கும் அதோடு சரியாகிப்போனது. நல்லம்மாளுக்கு மட்டும் ஆகவில்லை. சன்னாசி அண்ணன் சொன்ன சொல் மாறாத ஆள் அத்தை, அவரா கூடக் குடிப்பார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனியாக விடக் கூடாதென்று நானும் போனேன். சன்னாசி கண் மூடிக் கிடந்தார், கையில் ஊசியும் குழாயும். அவர் பெண்சாதி முத்தம்மா வார்டு வாசலிலேயே எங்களை மறித்துவிட்டாள். உள்ளே ஒரு அடி எடுத்து வைக்க விடவில்லை. நல்லம்மாள் தலையைக் குனிந்து திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். அண்ணன் ஏன் கூடக் குடித்தார்?

அதற்கு முத்தம்மா சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"யாருடி கூடக் குடிச்சா? நீ போட்ட படத்தப் பாத்துத்தான் குடிச்சாரு. விடியறதுக்கு முன்ன பேர் குடுக்கப் பெரட்டுக்குக் கெளம்பறப்ப வானத்த எட்டிப் பாப்பாரு. நிலா இருந்தா ஒண்ணு. மரத்தடியில வெயில் ஏறுனா ஒண்ணு. பொழுது சாய நிலா வந்தா ஒண்ணு. நாந்தான் தண்ணி மோந்து குடுத்தேன்."

"நிலா இல்லாத அன்னிக்கு?"

"நிலா இல்லாட்டி அந்த மாத்திரையும் இல்ல. நீதானே அப்படிப் போட்டு வச்ச?"

நல்லம்மாள் அங்கேயே விரல் விட்டு வேளையை எண்ணிப் பார்த்தாள். எனக்கு உடனே புரியவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் அவள் விளக்கினாள். டவுனில் இருக்கிறவனுக்கு நிலா என்றால் ராத்திரி. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிற நேரம். மரம் வெட்டுகிற நமக்கு அப்படியா? விடியும் முன்னே பெரட்டில் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். நாம் எழும்போது நிலாதான் தலைக்கு மேலே நிற்கும். வளர்பிறையில் நிலா சாயங்காலம் மட்டும் தெரிந்தது, அதனால் சன்னாசிக்கு அளவு சரியாக இருந்தது. பௌர்ணமியை ஒட்டி இரண்டு பக்கமும் தெரிந்தது. வெறும் வயிற்றில் ஒன்று, அதன் மேல் வழக்கமான இரண்டு. மரத்துக்கு மரம் ஓடுகிற உடம்பு தாங்குமா? தோட்டத்திலேயே சொன்னபடி கேட்டு நடந்த ஆள் அவர்தான். அதனால்தான் விழுந்தார்.

பிறகு என்னைக் கேட்டாள். "அத்தை, உங்க பிரஷர் மாத்திரை எப்ப குடிப்பீங்க?"

"பெரட்டுக்கு முன்னதான், நிலாவப் பாத்து" என்றேன். அவள் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்லுவேன்?

இனி தேய்பிறை. சாயங்காலம் நிலா கிடையாது, விடியலில் மட்டும்தான் நிற்கும். நிலா மாத்திரையும் சூரியன் மாத்திரையும் அடுத்தடுத்து வயிற்றுக்குள் போகும். அந்த உறை எத்தனை வீட்டில், எத்தனை தகர டப்பாவில் கிடக்கிறது? எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும், இன்னொருத்தர் விழுவதற்கு முன்னால் வாங்க வேண்டும். அன்றைக்கு அவளைப் பிடித்தது அது ஒன்றுதான், காளியம்மா. காதலுமில்லை, லாரியுமில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே விஸ்வலிங்கம் ஐயாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டிக்காரர், பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம். ஆனால் மானேஜரிடம் சன்னாசி தப்பு என்று சொல்லியாகிவிட்டது. இப்போது வீடு வீடாகப் போய் உறையைத் திரும்பக் கேட்டால் தப்பு ஆஸ்பத்திரியுடையது என்று ஆகும்.

"நான் மானேஜருக்குச் சொல்லிப்போட்டன் பிள்ளை. இனி மாத்திச் சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. வாற ஆக்களுக்கு ஒவ்வொருத்தரா நான் வாயால சொல்லுறன். நீர் கொஞ்ச நாள் வீட்டில நில்லும்."

வருகிறவர்களுக்குச் சொல்லுவார் சரி, விழுந்தவர்கள்தானே வருவார்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் சூரியனையும் நிலாவையும் வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

வீட்டில் ஐயாவு அதற்கு மேலே. லயத்து வீடு தோட்டத்தின் வீடு. மானேஜர் முகம் சுளித்தால் சட்டிபானையோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான். சின்னப் பெண்கள் இரண்டு இருக்கிறார்கள். அந்த மனிதரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பயம் அவருக்கு எலும்பு வரைக்கும் இருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே கொக்கி போட்டுவிட்டுப் போனார்.

இந்த அடைபட்ட நாட்களில் பலகைக்கு அந்தப் பக்கம் கத்தி சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சிலிப்பருக்கு ஜோடி ஒன்று இருந்ததே, அதிலும், அது தீர்ந்ததும் காலில் போடுகிற சிலிப்பரிலும் புதிய முத்திரை செதுக்கினாள். ஆனால் இந்தத் தடவை அவளாக முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு படத்தையும் காகிதத்தில் அடித்துப் பலகை இடுக்கு வழியாக என்னிடம் நீட்டுவாள். இது என்னவென்று சொல்ல மாட்டாள். இதைப் பார்த்தால் எப்போது குடிப்பீங்க என்று மட்டும் கேட்பாள். நான் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் நாலு பேரிடம் காட்டி, அவர்கள் சொன்னதைத் திரும்ப வந்து சொல்லுவேன்.

முதலில் விளக்கு. மரம் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன் என்றார்கள். ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவள் ராத்திரி என்றாள். போச்சு. பிறகு சேவல். காவல்காரர் மாட் சாலே சிரித்தார். அவர் வீட்டுச் சேவல் நினைத்த நேரமெல்லாம் கூவும், அதைக் கேட்டுக் குடித்தால் அன்றைக்கே போய்ச் சேர வேண்டியதுதான் என்றார். கடிகாரம் போட்டாள். எனக்கு அது முள் குத்தின வட்டம், அவ்வளவுதான்.

நான் சலித்துப்போய்ச் சொன்னேன், பொழுதை விட்டுத் தொலை பெண்ணே, மருந்து சோத்தோடதானே என்று. அந்தப் பக்கம் கத்தி மறுபடி சுரண்ட ஆரம்பித்தது. அப்புறம் வந்ததுதான் மங்கு. காலையில் பசியாற நாம் மரத்தடிக்குத் தூக்கிப்போகிற மூடி போட்ட மங்குப் பாத்திரம். ராத்திரிக்குச் சோறு குவித்த தட்டு. வெட்டுக்காரருக்கும் அது சரி, கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுக்கும் சரி. ராத்திரி முழித்துக் காலையில் தட்டு வைத்துச் சாப்பிடுகிற மாட் சாலே மட்டும் நேரம் மாறிக் குடிப்பார். குடிக்கட்டுமே, வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா? மருந்துக்கு அதுதான் வேண்டும்.

மல்லிகைக் கொடி போனது. நட்சத்திரம் போனது. கண்ணில் பூ விழுந்தவர்களுக்கு அந்தக் கொடியும் படமும் கலங்கி ஒன்றாகத் தெரிந்ததாம். இப்போது உறையில் தடித்த கோட்டில் படம் மட்டும், சுற்றிலும் வெறும் காகிதம். அசிங்கமாக இருக்கே என்றேன். அழகா இருந்ததாலதான் யாரும் என்னைக் கேள்வி கேட்கல அத்தை என்றாள்.

அப்போதும் ஒன்று மிச்சமிருந்தது. கோடி லயத்தில் பாப்பா என்று ஒரு கிழவி, இரண்டு கண்ணும் தெரியாது, அவளுக்கும் சீனி வியாதி. விடியலில் வாசலைத் தாண்டுகிறவர்களைக் கூப்பிட்டு, நிலா இருக்கா என்று கேட்டுத்தான் மாத்திரை போடுவாள். அவளுக்காக உறையின் மூலையை வெட்டினாள். ஒரு வேளை மருந்துக்கு ஒரு மூலை, இரண்டு வேளைக்கு இரண்டு மூலை. என்னைக் கண்ணை மூடச் சொல்லித் தடவிப் பார்க்க வைத்தாள்.

உறை தயாராக இருந்தது, கொடுக்கத்தான் வழியில்லை. நான் கொண்டு போகிறேன் என்றேன். கூடாது என்றாள். பழைய மாத்திரையைப் புதிய உறையில் மாற்றும்போது ஒன்று மாறினாலும் உயிர், உங்களுக்கு மாத்திரை அடையாளம் தெரியாது, நான் வந்துதான் ஆக வேண்டும் என்றாள். இதற்கிடையில் சன்னாசி கண் திறந்தார், வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். செத்துப்போனார் என்று சொல்கிறவர்கள் காதிலும் இது விழட்டும். கத்தி பிடிக்கிற தெம்பு மட்டும் அவருக்குத் திரும்பவேயில்லை.

அவர் வந்துவிட்டாரே, இனி பேச்சு அடங்கிவிடும் என்று ஐயாவுக்கு ஒரு நிம்மதி. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பாப்பா கிழவி குழாயடியில் விழுந்தாள். நல்லவேளை, யாரோ சீனித் தண்ணி கரைத்து வாயில் ஊற்றினார்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிவந்து பலகை இடுக்கில் வாய் வைத்துச் சொன்னேன்.

ஓய்வு நாள், ஐயாவு வீட்டில் இருந்தார். அதனால் கதவில் கொக்கி இல்லை, வாசலில் அவரே நின்றார். நல்லம்மாள் தலையை வாரிக்கொண்டாள், உறைகளைத் துணிப்பையில் போட்டாள். நான் என் வாசலுக்கு வந்துவிட்டேன். அக்கம்பக்கமும் வந்துவிட்டது.

"எங்க?" என்றார் ஐயாவு.

"பாப்பா ஆத்தா வீட்டுக்கு. அப்புறம் எல்லா வீட்டுக்கும்."

"நீ வாயத் தொறந்து மருந்துல தப்புன்னு சொன்னா நாளைக்கு நாம நடுரோட்டுல. இதுக ரெண்டையும் எங்க கொண்டுபோயி வைப்பேன்?"

"தெரியலப்பா. இன்னொருத்தர் விழுந்தா சீனித் தண்ணி ஊத்த ஆள் இருப்பாங்களான்னும் தெரியல."

"படி எறங்குனா இது உன் வீடு இல்ல."

அவள் அவரைத் தள்ளவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. அவர் கைக்கும் நிலைக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்து, சிலிப்பரைத் தேடினாள். அதையும்தான் முத்திரைக்கு அறுத்துவிட்டாளே. வெறுங்காலோடு இறங்கினாள்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுத்தான். "படம் தப்பு. நான் போட்டது தப்பு. அதக் குடுங்க, இதுல மாத்தித் தாரேன். எப்ப குடிப்பீங்கன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க." அவர்கள் சரியாகச் சொல்லும் வரை அடுத்த வீட்டுக்கு நகரவில்லை. சிலர் கொடுத்தார்கள். ஒருத்தன் உறையை அவள் முகத்தில் எறிந்தான். குனிந்து மாத்திரை பொறுக்கினாள். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தவள் தரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் போய்ப் பிடுங்கிக் கொடுத்தேன், அதற்காக இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரிச் சன்னலில் பழைய உறை முழுவதையும் வைத்தாள். விஸ்வலிங்கம் ஐயா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மானேஜருக்கு அதற்குள் ஆள் போய்ச் சொல்லியிருந்தது அவருக்கும் தெரியும்.

"மானேஜர் என்னட்டக் கேட்டா நான் உம்மை வீடு வீடாப் போக விடேல்லை எண்டுதான் சொல்லுவன்" என்றார். அப்புறம் கையை நீட்டினார். "அந்தப் புது ரப்பர் ரெண்டையும் தந்திட்டுப் போம், இனி உறையில நான் அடிக்கிறன்."

அவள் திரும்பி வந்தபோது ஐயாவு வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டவில்லை. எங்கள் வீட்டில் இரு என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம் அத்தை. நாளைக்கு மானேஜர் கேட்டா, அவ இந்தத் தோட்டத்துலயே இல்லன்னு அப்பா சொல்லணும். அது நெசமா இருக்கணும்லா."

என் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றாள். என் சிலிப்பரைக் கொடுத்தேன், கொஞ்சம் பெரிது. தங்கச்சிகள் இரண்டும் சன்னல் கம்பியைப் பிடித்து நின்றன. அவர்களிடம் போய்த் தலையைத் தொட்டாள். பிறகு பெரிய ரோட்டுப் பக்கம் நடந்தாள், ஈப்போ பஸ் நிற்கிற இடத்துக்கு. வழியில் முத்தம்மா குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று எல்லாரும் பார்த்தோம். முத்தம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பாதையை விட்டு ஒதுங்கி, அவள் போகும் வரை நின்றாள்.